மோட்டார்ஹோம்: எங்கே கோட்டை விடுகிறார்கள்?

கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே வைத்த ஓடும் வீடுதான் மோட்டார்ஹோம். பழையது ஒன்றை வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை மைல் ஓடியிருக்கிறது?" என்றுதான். கார் வாங்கிப் பழகிய கண் அப்படித்தான் பார்க்கும். ஆனால் அமெரிக்காவிலும் கனடாவிலும் இந்த வண்டிகளில் பல, வருடத்தில் சில வாரம் மட்டுமே ஓடும். மிச்ச நாளெல்லாம் வீட்டு முற்றத்தில் வெயிலும் பனியும் பட்டு நிற்கும். மைல் கணக்கு அழகாக இருக்கும், எஞ்சினும் நன்றாக இருக்கும். கட்டிலுக்கு மேலே கூரை ஓரத்தைக் கையால் அழுத்திப் பார்த்தால் மரம் உள்ளே அமுங்கும். ஓடிக் கெட்ட மோட்டார்ஹோமைவிட நின்று கெட்டதுதான் அதிகம், அப்படிக் கெடுப்பதில் முதல் இடம் தண்ணீருக்கு. கூரையில் இருந்து இறங்குவது, டேங்கில் தேங்குவது, குழாயில் உறைவது, நாம் விடும் மூச்சில் இருந்து சுவரில் படிவது என்று அது பல வழியாக வரும். வண்டிக்காரர்கள் செய்கிற தவறுகளில் பாதிக்கு மேல் இதற்குள் அடங்கிவிடும்.

செலவு அதிகம் வைக்கிற தவறு, கூரையை ஏறிப் பார்க்காமல் விடுவது. பெரும்பாலான வண்டிகளின் மேலே இ.பி.டி.எம். அல்லது டி.பி.ஓ. என்கிற ரப்பர் போன்ற விரிப்பு இருக்கும், சிலவற்றில் ஃபைபர்கிளாஸ். விரிப்பு அவ்வளவு சீக்கிரம் ஓட்டையாகாது. ஏ.சி., காற்றுப் போக்கி, ஸ்கைலைட், ஆன்டெனா என்று அதில் வெட்டப்பட்ட ஒவ்வொரு திறப்பையும் சுற்றி ஒரு பசை பூசியிருப்பார்கள். முன்னும் பின்னும் கூரை சுவரோடு சேரும் இடத்திலும் அதே பசைதான். வெயிலில் அது காய்ந்து வெடிக்கும், ஓடும்போது வண்டி குலுங்கி வெடிப்பு பெரிதாகும். குளிர்காலத்தில் அதற்குள் புகுந்த நீர் உறைந்து இன்னும் பிளக்கும். வசந்தத்தில் ஒருமுறை, இலையுதிர்காலம் முடிவதற்குள் ஒருமுறை, ஆக வருடத்துக்கு இருமுறையாவது மேலே பார்க்க வேண்டும். ஏணியில் ஏறப் பயமாக இருந்தால் ஆள் வைத்துப் பாருங்கள், பார்க்காமல் மட்டும் விடாதீர்கள்.

வெடிப்பைப் பார்த்ததும் ஹார்ட்வேர் கடையில் சாதாரண சிலிக்கோன் பசை ட்யூப் ஒன்றை வாங்கி அப்புவது அடுத்த தவறு. ரப்பர் கூரையில் அது சரியாக ஒட்டாது. அது உரிந்து வரும்போது அந்த இடத்தில் வேறு எதுவும் ஒட்டாது, சுரண்டி எடுக்கவே ஒரு நாள் போகும். இதற்கென்று தானே பரவிச் சமனாகிற பசை கிடைக்கிறது. டைகோர் என்ற பெயரில் வருவதைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். உங்கள் கூரை எந்த வகை என்று தெரிந்துகொண்டு அதற்குப் பொருந்துவதை வாங்குங்கள். இ.பி.டி.எம். கூரையைப் பெட்ரோலியம் கலந்த கிளீனரால் கழுவக் கூடாது, ரப்பர் ஊதிவிடும்.

உள்ளே கூரையில் கறை தெரிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் காலம் கடந்துவிடும். கறை வெளியே தெரிவதற்குள் தண்ணீர் சுவருக்குள் பல மாதம் குடியிருந்திருக்கும். பல வண்டிகளில் சுவர் என்பது மெல்லிய பிளைவுட், நுரை, ஃபைபர்கிளாஸ் மூன்றையும் பசை போட்டு ஒட்டியதுதான். ஈரம் ஏறினால் பசை விட்டுப்போய் வெளிப்பக்கம் குமிழ் குமிழாக உப்பும். இதை டீலாமினேஷன் என்பார்கள். பழைய வண்டியில் இதைச் சரிசெய்ய ஆகும் செலவு வண்டியின் விலையையே தாண்டலாம். வாங்கப் போகும்போது சுவரோரமாகச் சாய்ந்து நின்று, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பாருங்கள். உப்பல் இருந்தால் கண்ணில் பட்டுவிடும். விற்பவர் அதைப் "பெயின்ட் பிரச்சினை" என்று சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.

அடுத்தது, யாரும் பேசப் பிடிக்காத கழிவறை டேங்க். வண்டியில் மூன்று டேங்குகள்: நல்ல தண்ணீருக்கு ஒன்று, சமையலறை மற்றும் குளியல் நீருக்கு 'கிரே', கழிவறைக்கு 'பிளாக்'. இந்த வண்டிகளை நிறுத்தித் தங்கும் கேம்ப் கிரவுண்டில் சாக்கடை இணைப்பு கிடைத்ததும், வீட்டில் இருப்பதுபோல எல்லாம் தானாகப் போய்விடும் என்று பிளாக் டேங்கின் வால்வைத் திறந்தே வைத்துவிடுவார்கள். நீர் மட்டும் வடிந்து ஓடும். திடக்கழிவு அங்கேயே குவிந்து, காய்ந்து, இறுகும். பிறகு அதைக் கரைத்து எடுக்கத் தனி ஆள் வைக்க வேண்டியதுதான். வால்வை மூடியே வையுங்கள். மூன்றில் இரண்டு பங்காவது நிறைந்த பிறகு ஒரே வேகத்தில் திறந்து விடுங்கள். முதலில் பிளாக், அப்புறம் கிரே. சோப்பு நீர் பின்னால் வந்தால் ஹோஸும் ஓரளவு கழுவப்படும். காலி செய்ததும் சில லிட்டர் தண்ணீரும் அதற்கான மருந்தும் உள்ளே ஊற்ற வேண்டும், வெறும் டேங்காக விடக் கூடாது.

தண்ணீரை மிச்சம் பிடிக்கிறோம் என்று ஃபிளஷ் செய்வதைக் குறைப்பதும் இதே சிக்கலில்தான் கொண்டுபோய் விடும். இந்த டேங்குக்குப் பகை காகிதம். எளிதில் கரையும் டிஷ்யூ மட்டுமே போடலாம். ஈரத் துடைப்பான் எதுவும், 'ஃபிளஷ் செய்யலாம்' என்று பொட்டலத்தில் எழுதியிருந்தாலும் கூடாது. கழுவிப் பழகிய நம் ஆட்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு சாதகம் உண்டு: காகிதம் குறைவு, தண்ணீர் தாராளம். டேங்க் கொஞ்சம் சீக்கிரம் நிறையும், பரவாயில்லை. நாம் கோட்டை விடுவது கிரே டேங்கில்தான். குழம்புச் சட்டியையும் எண்ணெய் பிசுக்கையும் அப்படியே சிங்கில் கழுவினால் ஜூலை வெயிலில் அந்த டேங்க் அடிக்கிற நாற்றம் பிளாக் டேங்கையே தோற்கடிக்கும். பாத்திரத்தை முதலில் காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கழுவுங்கள். இன்னொன்று: குடிநீர் ஹோஸும் டேங்க் கழுவும் ஹோஸும் தனித்தனி. நிறமும் வைக்கும் பெட்டியும் வேறு வேறாக இருந்தால் அவசரத்தில் குழப்பம் வராது.

கேம்ப் கிரவுண்ட் குழாயில் அழுத்தம் எவ்வளவு வரும் என்று சொல்ல முடியாது. வண்டியின் மெல்லிய குழாய்களுக்கு 40 முதல் 60 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அளவு) வரை போதும். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் இல்லாமல் நேராக இணைத்தால், இரவில் எங்கோ ஒரு மூட்டு கழன்று காலையில் கார்ப்பெட் மிதக்கும். வாட்டர் ஹீட்டரில் தண்ணீர் நிறைவதற்கு முன்பே மின்சார சுவிட்சைப் போட்டால் உள்ளே இருக்கும் எலிமென்ட் சீக்கிரமே கருகிவிடும். சுடுநீர்க் குழாயைத் திறந்து தண்ணீர் தடையின்றி வருகிறதா என்று பார்த்த பிறகே சுவிட்சில் கை வைக்க வேண்டும்.

குளிர்காலத்துக்கு வண்டியை நிறுத்தும்போது குழாய்கள் உறைந்து வெடிக்காமல் இருக்க இளஞ்சிவப்பு நிற ஆன்டிஃப்ரீஸ் திரவத்தை அவற்றில் ஏற்றுவார்கள். அது புரொபிலீன் கிளைகால். காருக்குப் போடும் எத்திலீன் கிளைகால் விஷம், குடிநீர்க் குழாய்க்குள் அது போகவே கூடாது. முதலில் வாட்டர் ஹீட்டரைக் காலி செய்யுங்கள். அதற்குள் திரவம் போகாமல் தடுக்கும் பைபாஸ் வால்வைத் திருப்பாமல் ஏற்றினால் வாங்கி வந்த ஆன்டிஃப்ரீஸ் முழுவதையும் ஹீட்டரே குடித்துவிடும். வெளியே இருக்கும் ஷவர், ஐஸ் மேக்கர், கழிவறையின் வால்வு, இந்த மூன்றையும்தான் மறப்பார்கள். ஏப்ரலில் வெடித்திருப்பதும் இவைதான்.

வண்டியிலேயே தங்கி வாழ்பவர்களுக்கு இன்னொரு தண்ணீர்ப் பிரச்சினை உண்டு. குளிருக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் மூடிக்கொண்டு உள்ளே சமைப்பார்கள். ஒரு கிலோ புரொபேன் கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வெளிவரும். நான்கு பேர் மூச்சு, சோற்றுப் பானையின் ஆவி எல்லாம் சேர்ந்து குளிர்ந்த சுவரிலும் மெத்தைக்கு அடியிலும் படியும். சில வாரத்தில் பூஞ்சை வந்துவிடும். கூரையில் உள்ள காற்றுப் போக்கியைக் கொஞ்சமாவது திறந்து வைத்து, மெத்தையை அவ்வப்போது தூக்கி நிறுத்திக் காற்றாட விடுங்கள். தாளிப்பை முடிந்தவரை வெளி அடுப்புக்கு மாற்றுவது நல்லது. அந்த வாசனை திரைச்சீலையில் ஏறினால் இறங்காது.

உள்ளே சூடேற்ற வண்டியோடு வரும் ஃபர்னஸ் புகையை வெளியே தள்ளும், அடுப்பு தள்ளாது. ஆகவே கேஸ் அடுப்பை எரியவிட்டுக் குளிர் காய்வது உயிரோடு விளையாடுவது. கார்பன் மோனாக்சைடு அலாரமும் கேஸ் அலாரமும் பின்பக்கத்தில் அச்சிட்ட தேதியைத் தாண்டினால் மாற்றியே ஆக வேண்டும். நள்ளிரவில் சும்மா கத்துகிறது என்று கழற்றி எறிபவர்கள் இருக்கிறார்கள். அது கத்தக் காரணம் பல நேரம் பேட்டரி இறங்கியதாக இருக்கும். அதற்காகத் தூங்கிவிடாதீர்கள், முதலில் கதவைத் திறந்து எல்லோரும் வெளியே வந்துவிட்டுப் பிறகு காரணம் தேடுங்கள்.

மின்சாரத்தில் ஒரு தவறு வண்டியில் உள்ள எல்லாவற்றையும் ஒரே நொடியில் சுட்டுவிடும். 30 ஆம்ப் மின் இணைப்பில் ஓடும் வண்டிக்கு வேண்டியது 120 வோல்ட். அந்தச் சாக்கெட் வீட்டில் துணி உலர்த்தும் இயந்திரத்துக்கு வைக்கும் 240 வோல்ட் சாக்கெட்டின் சாயலில் இருப்பதால், பழக்கமில்லாத எலக்ட்ரீஷியன் 240 கொடுத்துவிடுகிறார். வீட்டில் புதிதாக வைத்த சாக்கெட் என்றால் மல்டிமீட்டரால் அளந்த பிறகே செருகுங்கள். 30 ஆம்ப்பில் மொத்தம் கிடைப்பது 3,600 வாட்தான். ஏ.சி., மைக்ரோவேவ், கெட்டில் மூன்றும் ஒன்றாக ஓடாது. லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே, அதாவது சுமார் 12.1 வோல்ட்டுக்குக் கீழே அடிக்கடி இறங்க விட்டால் அதன் ஆயுள் குறையும். லித்தியம் என்றால் உறைநிலைக் குளிரில் சார்ஜ் ஏற்றக் கூடாது.

கேஸில் ஓடும் பழைய வகை ஃபிரிட்ஜ் இருந்தால் வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். உள்ளே அம்மோனியா கரைசல் ஈர்ப்பு விசையால்தான் சுற்றி வரும். சாய்வாக நின்றால் தேங்கிச் சூடேறி, கூலிங் யூனிட் மெல்ல மெல்லச் சாகும். புதிதாக வரும் 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜுக்கு இந்தத் தொல்லை இல்லை.

டயரில் பட்டன் தேயவில்லை என்று நம்பி ஓட்டுவது நிற்கிற வண்டிக்கே உரிய ஆபத்து. டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் முடிவில், தயாரித்த தேதியைச் சொல்லும் நான்கு இலக்கம் இருக்கும். 3519 என்றால் 2019-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம். ஆறேழு வருடம் ஆகிவிட்டால், தேயாமல் இருந்தாலும் மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். எடையும் பாருங்கள். 40 கேலன் நல்ல தண்ணீர் மட்டுமே 150 கிலோ. குடும்பம், அரிசி மூட்டை, நாற்காலி எல்லாம் ஏற்றிய பிறகு லாரிகள் நிறுத்தும் இடத்தில் உள்ள எடைமேடையில் ஒருமுறை ஏற்றிப் பார்த்தால் அச்சு தாங்கும் அளவைத் தாண்டியிருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

உயரத்தை ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டி வையுங்கள், ஏ.சி. பெட்டியையும் சேர்த்து அளந்து. நார்த் கரோலைனாவின் டர்ஹாமில் ஒரு ரயில் பாலம் 11 அடி 8 அங்குல உயரத்தில் நின்று பல வாடகை லாரிகளின் கூரையை உரித்துப் பேர் வாங்கியது. 2019-இல் அதை 8 அங்குலம் உயர்த்தினார்கள், அதன் பிறகும் இடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். காருக்கான வழிகாட்டி ஆப் உங்கள் கூரையைப் பற்றிக் கவலைப்படாது.

கிளம்பும்போது வெளிப் படி, சாய்வுப் பந்தல், ஆன்டெனா, ஹோஸ், மின்கம்பி இவற்றைச் சரிபார்க்கும் வேலையை ஒருவரே செய்ய வேண்டும், அந்த நேரத்தில் யாரும் அவரோடு பேசக் கூடாது. இரண்டு பேர் பங்கு போட்டால், மின்கம்பியை மற்றவர் கழற்றியிருப்பார் என்று இருவருமே நினைத்துக்கொள்வார்கள்.