லாவோவில் ஒரு நாள்: முதலில் ஏரி, கடைசியில் ஒயின்

சுவிட்சர்லாந்தில் லோசான் நகரத்திலிருந்து கிழக்கே போகிற உள்ளூர் ரயிலில் ஏறி வலது பக்க ஜன்னலில் உட்காருங்கள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் ஜெனீவா ஏரி விரியும், எதிர்ப்பக்கம் கல் சுவர்கள் கட்டிய திராட்சைத் தோட்டங்கள் படிப்படியாக மலை ஏறும். அதுதான் லாவோ. 2007இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த, சுமார் 800 ஹெக்டேர் தோட்டம். நீச்சல், நடை, நல்ல சாப்பாடு, ஒயின் எல்லாம் கார் இல்லாமலே ஒரே நாளில் கிடைக்கிற இடம் இதைப்போல நான் வேறு பார்த்ததில்லை.

ஆனால் வரிசை முக்கியம். முதல் முறை போனபோது மதியச் சாப்பாட்டோடு மூன்று டெசி (300 மில்லி) ஒயின் குடித்துவிட்டு, உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் நடந்து, வேர்த்த உடம்போடு நேராக ஏரியில் குதித்தேன். குதித்த நொடியில் மூச்சு தானாக உள்ளே இழுத்துக்கொண்டது, வெளியே விட முடியவில்லை. நான்கு கை வீச்சுத் தூரத்தில் இரும்பு ஏணி இருந்ததால் தப்பித்தேன். அதனால் இந்த விளக்கத்தில் பாதி தண்ணீரில் இறங்குவதைப் பற்றித்தான் இருக்கும்.

காலை: நீச்சல்

கூயி ஸ்டேஷனில் இறங்கிச் சரிவில் கீழே நடந்தால் சில நிமிடங்களில் ஏரிக்கரை. மொராத்தெல் என்று கேளுங்கள், படகுத்துறைப் பக்கம் இருக்கிற குளிக்குமிடம் அது. லேசாகச் சாப்பிட்டிருக்க வேண்டும், ஒரு பன், ஒரு வாழைப்பழம் போதும். சுவிஸ் உயிர்காப்புச் சங்கத்தின் விதிகளே முழு வயிறும் வேண்டாம், காலி வயிறும் வேண்டாம், மது குடித்துவிட்டு இறங்கவே வேண்டாம் என்றுதான் சொல்கின்றன.

இப்போது இறங்கும் முறை. நல்ல கோடையில் மேல் தண்ணீர் 20 டிகிரிக்கு மேல் இருக்கும், ஆனால் பலமான காற்று அடித்த மறுநாள் கரையோரத்தில் சில டிகிரி குறைந்துவிடலாம். காற்று மேல் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போக, அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே வருவதுதான் காரணம். எனவே நேற்று இதமாக இருந்தது என்று இன்று நம்பாதீர்கள். கணுக்கால் வரை நில்லுங்கள். கை, கழுத்து, பிடரி, மார்பு என்று தண்ணீரை அள்ளி நனையுங்கள். இடுப்பு வரை இறங்கி, வாயைக் குவித்து மூச்சை நீளமாக வெளியே விடுங்கள், உள்ளே இழுப்பது தானாக நடக்கும். மூச்சு சீராகும் வரை, ஒரு நிமிடமோ மூன்று நிமிடமோ, கால் தரையில் பட நிற்க வேண்டும். அப்புறம்தான் நீந்த வேண்டும், அதுவும் கரைக்கு இணையாக. இந்த ஏரியின் அதிகபட்ச ஆழம் சுமார் 310 மீட்டர், சில இடங்களில் கரையை விட்டுக் கொஞ்சம் போனதுமே தரை சட்டென்று இறங்கிவிடும்.

பொருள் என்று பார்த்தால் மூன்று போதும். ரப்பர் அடிப்பாகம் உள்ள நீச்சல் காலணி (கூழாங்கல் உள்ளங்காலைக் கிழிக்கும்), இடுப்பில் கட்டி இழுத்துப்போகும் ஆரஞ்சு நிற மிதவைப் பை, தடிமனான பருத்தித் துண்டு. சீக்கிரம் காயும் மெல்லிய துண்டை எல்லோரும் பரிந்துரைப்பார்கள். குளிரில் நடுங்கும்போது அதைப் போர்த்திப் பாருங்கள், ஏன் பருத்தி என்கிறேன் என்று புரியும்.

மதியம்: சாப்பாடு

உணவகங்களில் சமையலறை 2 மணிக்கெல்லாம் மூடிவிடுவது சாதாரணம், அதனால் பன்னிரண்டரைக்கு உட்கார்ந்துவிடுங்கள். பெர்ச் மீன் துண்டுகளை வெண்ணெயில் பொரித்து எலுமிச்சையோடு தருவார்கள். ஏரியில் பிடிபடுவது தேவைக்குப் போதாததால் பல இடங்களில் வெளிநாட்டு மீன்தான், எந்த நாடு என்று மெனுவில் இருக்கும், பார்த்துக் கேளுங்கள். இந்த வேளையில் நான் ஒயின் வாங்குவதில்லை.

பிற்பகல்: நடை

மஞ்சள் பலகைகளைப் பின்பற்றினால் போதும், அதில் தூரத்துக்குப் பதில் நடக்கும் நேரம் போட்டிருக்கும். கூயியிலிருந்து எப்பெஸ், தெசாலே சரிவுகள், ரிவா வழியாக சேன் சஃபோரேன் வரை நிதானமாக இரண்டு மணி நேரம். பாதி வழியில் ஒரு சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், அடுப்பை அணைத்த பின் இருக்கும் சூடு தெரியும். இங்கே திராட்சைக்கு மூன்று சூரியன் என்பார்கள்: வானத்துச் சூரியன், ஏரியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம், சுவர் சேர்த்து வைக்கும் சூடு. நிழல் கிடையாது, தொப்பி வேண்டும். கிராமத்துக் குழாயடிகளில் குடிக்கக் கூடாது என்று எழுதாத தண்ணீரைக் குடிக்கலாம்.

மாலை: ஒயின்

கிராமங்களில் கவோ என்ற பொது நிலவறைகள் உண்டு. உள்ளூர்த் தோட்டக்காரர்கள் முறை வைத்துத் திறப்பார்கள், பெரும்பாலும் மாலையில்தான், எல்லா நாளும் இல்லை. கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். திராட்சையைப் பயிரிட்டவரே ஊற்றித் தருவார், அதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். ஷாஸ்லா என்ற திராட்சையில் செய்த வெள்ளை ஒயினைக் கேளுங்கள். புளிப்பு மெல்லியது, வாசனை கூச்சப்படும், அதனால் ஒரேயடியாகக் குளிர வைத்தால் ஒன்றும் தெரியாது. ஒரு டெசி, அதாவது 100 மில்லி, வாங்கி, கிளாஸைக் கையில் வைத்துக் கொஞ்சம் காத்திருங்கள். ஒரே திராட்சைதான் என்றாலும் எப்பெஸ் ஒயினும் தெசாலே ஒயினும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்தால் வித்தியாசம் நாக்கில் தெரியும். பிடித்தால் ஒரு பாட்டில் வாங்கிவிடுங்கள், சுவிஸ் ஒயினில் ஏறக்குறைய 1 சதவீதம்தான் வெளிநாடு போகிறது, ஊருக்குப் போய்த் தேடினால் கிடைக்காது.

குடித்த பின் ஏரி எவ்வளவு அழகாக அழைத்தாலும் இறங்காதீர்கள். மது தோலுக்கு அடியில் ரத்தக் குழாய்களை விரிக்கும், உடம்பு சூடாக இருப்பதுபோலத் தோன்றும், உண்மையில் சூட்டை வேகமாக இழந்துகொண்டிருக்கும்.

பின்னர் சேர்த்தது

ரிவா ஸ்டேஷனைத் தவறவிட்டதாக இருவர் எழுதியிருந்தார்கள். பலகையில் கடைசியில் இசட் இருக்கும், சொல்லும்போது அது வராது.

நீந்திய பின் சிவப்புத் தடிப்பும் அரிப்பும் வந்ததாக ஒருவர் சொன்னார். வாத்துகளிடமிருந்து நத்தை வழியாக வரும் நுண்ணிய புழு அது, வெயில் காலத்தில் ஆழமில்லாத ஓரங்களில் இருக்கும். ஆபத்தில்லை, சில நாளில் அடங்கும். ஏறியதும் துண்டால் அழுத்தித் துடைத்து ஷவரில் நில்லுங்கள்.

கரையில் மின்னும் ஆரஞ்சு விளக்கு எதற்கு என்று கேட்டவருக்கு நன்றி, முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். நிமிடத்துக்கு 40 முறை மின்னினால் பலத்த காற்று வரலாம் என்ற எச்சரிக்கை, 90 முறை என்றால் புயல். எண்ண வேண்டாம், விளக்கு மின்ன ஆரம்பித்தாலே கரையேறிவிடுங்கள்.