எலக்ட்ரான் நாட்டம்: குறியில் கோட்டை விடாதீர்கள்

போன வாரம் ஒரு பதினோராம் வகுப்பு மாணவியின் நோட்டில் சோடியம் குளோரைடின் படிகக்கூடு ஆற்றல் (வாயுநிலை அயனிகள் சேர்ந்து திடப் படிகமாகும்போது வெளிவரும் ஆற்றல்) −1485 கிலோஜூல் என்று இருந்தது. வழிமுறையைப் படிப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது, குளோரினின் எலக்ட்ரான் நாட்டமான 349ஐக் கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டியிருக்கிறாள். கல்லூரி முதலாமாண்டுத் தேர்வில் நானும் இதே 1485ஐ எழுதி அந்தக் கேள்வியை முழுசாக இழந்தவன். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஃபுளூரினைவிடக் குளோரினுக்கு எலக்ட்ரான் நாட்டம் அதிகம் என்ற விஷயத்தை எல்லா வகுப்பிலும் சொல்லிவிடுகிறார்கள், அதை விட்டுவிடுவோம்.

குறியைப் பார்க்காமல் எண்ணை எடுப்பது

வாயுநிலையில் தனியாக இருக்கும் குளோரின் அணு ஒரு எலக்ட்ரானை வாங்கும்போது மோலுக்கு 349 கிலோஜூல் வெளியே வருகிறது. நடப்பது இவ்வளவுதான். இதை எலக்ட்ரான் நாட்டம் என்று அட்டவணை போடுபவர்கள் வெளிவரும் ஆற்றலைக் குறிப்பதால் +349 என்கிறார்கள். எலக்ட்ரான் ஏற்பு என்தால்பி (எலக்ட்ரானை ஏற்கும்போதான வெப்ப ஆற்றல் மாற்றம்) என்று போடும் என்சிஇஆர்டி போன்ற புத்தகங்களில், ஆற்றல் வெளியேறினால் மைனஸ் என்ற வழக்கப்படி −349. இரண்டும் சரி. ஆனால் ஒரு புத்தகத்தின் பெயரையும் இன்னொரு புத்தகத்தின் குறியையும் கலந்துகட்டி அச்சிடும் கைடுகள் இருக்கின்றனவே, அவற்றைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

கணக்கில் என்ன ஆகிறது என்று பாருங்கள். பார்ன்-ஹேபர் சுற்றில், அதாவது தனிமங்களிலிருந்து உப்பு உருவாவதைப் படிப்படியாகப் பிரித்து ஆற்றல்களைக் கூட்டும் கணக்கில், சோடியம் பதங்கமாக (திடத்திலிருந்து நேராக வாயுவாக) 108, அதை அயனியாக்க 496, குளோரின் மூலக்கூறில் பாதியைப் பிரிக்க 121, மொத்தம் 725 உள்ளே போகிறது. 349 வெளியே வருவதால் நிகரம் 376. தனிமங்களிலிருந்து உப்பு உருவாவதன் என்தால்பி −411, ஆகவே படிகக்கூடு −787. குறியை மாற்றிப் போட்டால் 376க்குப் பதில் 1074, விடை −1485. பிழை 349 இல்லை, அதைப்போல் இரு மடங்கு, 698! கார உலோக ஹாலைடுகளிலேயே அதிகமான லித்தியம் ஃபுளூரைடுகூட 1050ஐத் தாண்டாது, அப்படியிருக்க 1485 என்று வந்தவுடனே கை நின்றிருக்க வேண்டும். எனக்கு நிற்கவில்லை, அவளுக்கும் நிற்கவில்லை.

வரிசைப்படுத்தும் கேள்வியிலும் இதே பள்ளம்தான். −328, −349 இரண்டில் எது பெரியது? எண்கோட்டின்படி −328. அதை நம்பி ஃபுளூரினை மேலே போட்டுவிட்டு, "சார், கணக்குப்படி சரிதானே" என்று கேட்கிறார்கள். எலக்ட்ரானைச் சேர்த்தால் எது அதிக ஆற்றலை வெளிவிடுகிறது என்று கேள்வியை மாற்றிப் படியுங்கள், குழப்பம் போய்விடும். நான் இப்போதெல்லாம் எண்ணுக்குப் பக்கத்தில் 'வெளியே' அல்லது 'உள்ளே' என்று பென்சிலால் எழுதிய பிறகுதான் அடுத்த வரிக்குப் போகிறேன், மாணவர்களையும் அப்படியே எழுதச் சொல்கிறேன்.

அம்புக்குறியை அப்படியே நம்புவது

தனிம அட்டவணையில் இடமிருந்து வலம் போனால் எலக்ட்ரான் நாட்டம் கூடும் என்று ஒரு அம்பு போடுகிறோம். சரி, இரண்டாம் வரிசையில் வெளிவரும் ஆற்றலை எடுத்துப் பாருங்கள்: லித்தியம் 60, போரான் 27, கார்பன் 122, ஆக்சிஜன் 141, ஃபுளூரின் 328. நடுவில் விட்ட இரண்டையும் கவனித்தீர்களா? பெரிலியத்தில் 2எஸ் ஆர்பிட்டால் (எலக்ட்ரான்கள் இருக்கும் இடம்) நிரம்பிவிட்டது, புதிய எலக்ட்ரான் ஆற்றல் கூடிய 2பி-க்குப் போயாக வேண்டும், அதனால் ஏற்பதே இல்லை. நைட்ரஜனில் மூன்று 2பி ஆர்பிட்டால்களிலும் ஒவ்வொன்று இருக்கிறது, நான்காவது வந்தால் ஏற்கெனவே இருக்கும் ஒன்றோடு ஜோடி சேர வேண்டும், அந்த விலக்கலில் ஆதாயம் எல்லாம் கரைந்துபோகிறது. தேர்வில் கேட்பது பெரும்பாலும் இந்த இரண்டு பள்ளங்களைத்தான்.

ஆக்சைடு அயனி ஆற்றலை வெளிவிட்டு உருவாகிறது என்று எழுதுவது

முதல் எலக்ட்ரானுக்கு மட்டும்தான் 141 வெளியே வரும். இரண்டாவது, ஏற்கெனவே எதிர்மின் சுமை கொண்ட அயனியை நோக்கி வருகிறது, அதை உள்ளே தள்ள 700க்கு மேல் செலவாகும். எட்டு எலக்ட்ரான் ஆசையால் நடக்கிறது என்ற விளக்கம் இங்கே பலிக்காது. மெக்னீசியம் ஆக்சைடில் அந்தச் செலவை ஈடுகட்டுவது 3800ஐ ஒட்டிய படிகக்கூடு ஆற்றல்தான்.

எலக்ட்ரான் கவர்தன்மையோடு குழப்புவது

கவர்தன்மை என்பது பிணைப்பில் இருக்கும் அணு பிணைப்பு எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுப்பது, நாட்டம் தனி அணுவுக்கு.

உலோகம் எலக்ட்ரானை விடும், வாங்காது என்பது

தங்கத்துக்கு 223. ஆக்சிஜனையும் கந்தகத்தையும்விட அதிகம். சீசியத்தோடு சேர்ந்தால் தங்கம் எதிர்மின் அயனியாகவே உட்கார்ந்துகொள்கிறது, அந்தச் சேர்மத்துக்கு சீசியம் ஆரைடு என்று பெயர்.