சமையலறைக் குப்பையைப் பிரிப்பதும் உரமாக்குவதும்: கிருஷ்ணகிரி, தர்மபுரி வீடுகளுக்கு

தெருமுனையில் பேட்டரி வண்டியின் விசில் கேட்ட பிறகு குப்பையைப் பிரிக்க உட்கார்ந்தால் காரியம் நடக்காது. காய் நறுக்கும் இடத்திலேயே பிரிந்துவிட வேண்டும். பழைய சாம்பார், பால் கவர், உடைந்த கண்ணாடி எல்லாம் ஒரே வாளியில் விழுந்துவிட்டால், பிறகு அதைக் கைவிட்டுப் பிரிப்பவர் தூய்மைப் பணியாளர்தான். நம் வீட்டு பிளேடு அவர் விரலைக் கீறக் கூடாது. நான் இதை எழுத முதல் காரணம் அதுதான். உரம் கிடைப்பது அடுத்தது.

முதல் படி: வாளிகள்

பச்சை வாளி மக்கும் குப்பைக்கு, நீல வாளி மக்காத குப்பைக்கு. புதிதாக வாங்கத் தேவையில்லை, மூடியுள்ள பழைய பெயிண்ட் வாளியே போதும். மக்கும் குப்பை வாளி அரிவாள்மனையிலிருந்து கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். மற்றது சமையலறைக்கு வெளியே. இவை தவிர ஓர் அட்டைப்பெட்டி வேண்டும்: பிளேடு, பல்பு, தீர்ந்துபோன பேட்டரி, காலாவதியான மாத்திரை அதற்குள். 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்கச் சொன்னது இப்படித்தான். நாப்கின், டயப்பரைச் செய்தித்தாளில் சுற்றி, சிவப்பு மையால் குறி போட்டுத் தனியாகக் கொடுங்கள்.

மக்கும் குப்பை வாளிக்குள் பாலித்தீன் பை விரிக்காதீர்கள். அடியில் இரண்டு மடிப்புச் செய்தித்தாள் போதும்.

இரண்டாம் படி: தண்ணீரை வடித்தல்

நாற்றம், புழு, ஈ என்று மக்கள் பாதியில் விட்டுவிடுவதற்குப் பெரும்பாலும் ஈரமே காரணம். சிங்க் ஓரத்தில் ஓட்டைக் கூடை ஒன்றை வையுங்கள். கீரைக்காம்பு, அழுகிய தக்காளி, களி ஒட்டிய சட்டியைச் சுரண்டியது எல்லாம் முதலில் அதில் விழட்டும். வடிந்த பிறகு வாளிக்குப் போகட்டும். டீத்தூளை ஒருமுறை அலசிவிட்டால் சர்க்கரைக்கு எறும்பு வராது.

பக்கத்தில் மாடு இருக்கும் வீடு என்றால் அரிசி கழுவிய கழனித் தண்ணீரையும் காய்த்தோலையும் அங்கே கொடுப்பது நம் ஊரின் பழைய, நல்ல வழக்கம். ஆனால் விருந்தில் மிஞ்சிய சோற்றை மொத்தமாகக் கொட்டாதீர்கள். அளவுக்கு மீறிய சோறு மாட்டின் வயிற்றில் அமிலமாகி உயிரையே எடுத்துவிடும். கவரோடு வீசுவது அதைவிட மோசம்.

மூன்றாம் படி: வண்டிக்கா, தொட்டிக்கா?

எலும்பு, மீன் கழிவு, எண்ணெய் மிதக்கும் குழம்பு வண்டிக்கு. நகராட்சியின் நுண் உரக் கூடத்தில் அவை பெரிய அளவில் மக்கும். கிராமத்தில் என்றால் தூய்மைக் காவலரிடம் கொடுங்கள். காய்த்தோல், பழத்தோல், வாழையிலை, முட்டை ஓடு, பூ ஆகியவை வீட்டு உரத் தொட்டிக்கு. எல்லாம் கலந்து குப்பைமேட்டுக்குப் போனால் காற்றில்லாமல் அழுகி மீத்தேன் கிளம்பும். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும்.

வீட்டில் விசேஷம் வைக்கிறீர்களா? மண்டபம் அல்லாத இடத்தில் 100 பேருக்கு மேல் கூடினால், மூன்று வேலை நாட்களுக்கு முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் அதே 2016 விதிகள் சொல்லின.

நான்காம் படி: தொட்டி

சுமார் 20 லிட்டர் வாளி அல்லது மண்தொட்டி. அடியிலும் பக்கவாட்டிலும் ஓட்டை போட்டு, செங்கல் மேல் தூக்கி வையுங்கள். அடியில் நான்கு விரல் உயரத்துக்குத் தேங்காய் நாரும் சருகும். அதன்மேல் ஒரு பங்கு காய்கறிக் கழிவு, ஒன்றரை முதல் இரண்டு பங்கு சருகு. சிறிது சாணக் கரைசலோ புளித்த மோரோ தெளித்து மூடுங்கள். தினமும் இதே வரிசை. எப்போதும் மேலே தெரிய வேண்டியது சருகுதான்.

வாரம் ஒருமுறை கிளறுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள். கை ஈரமாகி, ஓரிரு சொட்டு மட்டும் வந்தால் பதம் சரி. ஒழுகினால் சருகு சேருங்கள், பொடியாக உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். தடித்த, பழுப்பு நிறப் புழுக்கள் நெளிந்தால் பயப்பட வேண்டாம், கழிவைத் தின்று குறைப்பவை அவை. தொட்டி நிறைந்ததும் அடுத்ததைத் தொடங்கி, இதை இரண்டு மூன்று மாதம் விட்டுவிடுங்கள்.

மாம்பழக் காலம்

இங்கேதான் நம் மாவட்டங்களுக்கென்று தனிக் கணக்கு வேண்டும். வைகாசி, ஆனியில் தோத்தாபுரியும் மல்கோவாவும் குவியும்போது தோல் ஒரே வாரத்தில் வாளியை நிரப்பிவிடும். சாறும் இனிப்பும் அதிகம், பழ ஈ மொய்க்கும். வழக்கத்தைப்போல் இரண்டு மடங்கு சருகு வேண்டும், ஆனால் அந்த நேரம் மரங்கள் தளிர்த்து நிற்கும். அதனால் மாசி, பங்குனியிலேயே கோணியில் கட்டி வைத்துவிடுங்கள். வேம்பு, புங்கன் எதுவும் ஆகும். சாலையோரப் புளியமரத்துச் சருகு இன்னும் நல்லது, இலை சிறியது என்பதால் சீக்கிரம் மக்கும். அந்தச் சருகைக் கூட்டித் தீ வைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. ஆனி மாதத்தில் ஒரு கோணிச் சருகு கிடைக்காமல் அலைந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

மாங்கொட்டையை முழுதாகப் போடாதீர்கள், தொட்டியிலேயே முளைத்துவிடும். வெயிலில் காயவைத்து உடைத்துப் போடுங்கள்.

எடுத்துப் பயன்படுத்துதல்

கறுத்து, உதிரியாக, மழை பெய்த மண்ணின் வாசனை வந்தால் உரம் தயார். நிழலில் ஒரு நாள் உலர்த்திச் சலியுங்கள். தொட்டிச் செடி என்றால் மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு. கறிவேப்பிலைக்கும் மல்லிகைக்கும் மாதம் ஒரு கைப்பிடி வேரைச் சுற்றிப் போதும். சல்லடையில் தங்கும் குச்சியையும் கொட்டை ஓட்டையும் வீசிவிடாதீர்கள். மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் அவற்றில் ஒட்டியிருக்கும். அடுத்த தொட்டியின் அடியில் பரப்பினால் தனியாக மோர் தெளிக்க வேண்டியதே இல்லை.