மாமர நிழலுக்குப் பன்னம்

மாமரத்துக்குக் கீழே புல் பிடிக்காது. கூட்டக் கூட்டப் புழுதிதான் கிளம்பும். எங்கள் வளவில் அந்த இடத்தை இப்போது பன்னம் (fern) மூடி நிற்கிறது.

யாழ்ப்பாணத்து வெயிலுக்குப் பன்னமா என்று கேட்பவர்கள் ஒரு பழைய கிணற்றுக்குள் எட்டிப் பாருங்கள். கட்டின் கல்லிடுக்கில் ஏணிப்படி மாதிரி இரண்டு பக்கமும் இலை நீட்டிக்கொண்டு ஒன்று நிற்கும். அதை ஒருவரும் நடவில்லை. நிழலும் ஈரமும் இருந்தால் சுண்ணாம்புக் கல்லிலேயே அது வேர் விடும்.

1. இனம்

கிணற்றுப் பன்னம் குத்தாகத்தான் வளரும், பக்கவாட்டில் ஓடாது. நிலத்தை மூட நெப்ரோலெபிஸ் என்கிற பன்னம்தான் சரி. பூக்கன்று விற்கிற இடங்களில் தொங்கு சட்டிகளில் இருப்பது பெரும்பாலும் இதுதான். நூல் மாதிரிக் கொடி விட்டு, அந்தக் கொடியில் புதுக்கன்று வைக்கும். நான் முதலில் மலைநாட்டிலிருந்து மெல்லிய இலைப் பன்னம் கொண்டுவந்து நட்டேன். சோளகக் காற்றுத் தொடங்கிப் பத்து நாளில் முழுவதும் கருகிப் போனது. அந்தக் கவலை எனக்கு இன்னும் போகவில்லை.

2. இடம்

காலை வெயில் கொஞ்சம் பட்டால் பரவாயில்லை, மத்தியான வெயில் கூடாது. வெயிலைவிடக் காற்றைத்தான் நான் கூடுதலாகக் கவனிக்கச் சொல்வேன். வைகாசியிலிருந்து தென்மேற்கால் அடிக்கிற சோளகம் இலையின் ஈரத்தை உறிஞ்சிவிடும். அந்தப் பக்கத்தில் மதிலோ அடர்ந்த வேலியோ இருக்கட்டும்.

3. மண்

செம்பாட்டு மண் காய்ந்தால் இறுகிவிடும். அதனால் புரட்டாதியிலேயே அரை அடி ஆழத்துக்குக் கொத்துங்கள். மாமரத்தின் தடித்த வேர் தட்டுப்பட்டால் வெட்டாமல் விலகிக் கொத்துங்கள். தோட்டத்துக்குக் குழை தாழ்ப்பது போலப் பூவரசங்குழையைப் போட்டு மூடுங்கள். நடும்போது தும்புத்தூளும் நன்றாக உக்கிய ஆட்டெருவும் கலந்தால் போதும். பச்சை எரு வேரைச் சுட்டுவிடும்.

4. நடுகை

ஐப்பசியில் முதல் நல்ல மழை பெய்த பிறகு நடுங்கள். சட்டியைக் கவிழ்த்து, கூரான கத்தியால் வேர்க்கட்டியைப் பிரியுங்கள். ஒவ்வொரு துண்டிலும் வேரும் மூன்று நாலு இலையும் இருக்க வேணும். ஒரு அடி இடைவெளி விடுங்கள். நடுவில் சுருண்டிருக்கிற குருத்து மண்ணுக்கு மேலே தெரிய வேணும். அது புதைந்தால் அழுகும். நட்ட பிறகு விழுந்த மாஞ்சருகையே இரண்டு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். இனி அந்த இடத்தைக் கூட்ட வேண்டாம்.

5. தண்ணீர்

மாரி முடியும்வரை மழையே பார்த்துக்கொள்ளும். தையிலிருந்துதான் உங்கள் வேலை. சருகை விலக்கி விரலை மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் ஒட்டவில்லையென்றால் ஊற்றுங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூடுதல். இலையில் தெளித்தால் வெள்ளை வெள்ளையாய்ப் படியும், அடியில் ஊற்றுங்கள். கிணற்றடி வாய்க்காலைத் திருப்பி விடுவதென்றால் சவர்க்காரத் தண்ணீர் வராமல் பார்க்க வேணும்.

6. பூச்சி என்று பயப்பட வேண்டாம்

ஒருநாள் இலையைத் திருப்பிப் பார்ப்பீர்கள். கீழ்ப்பக்கத்தில் ஓரத்தை ஒட்டி, ஊசித்தலை அளவில் மண்ணிறப் பொட்டுகள் வரிசையாக இருக்கும். என் மச்சாள் இதைப் பூச்சி முட்டை என்று நினைத்து, அரைவாசி இலையைக் கிள்ளி எறிந்துவிட்டா. அது வித்திப் பொட்டு. பன்னத்துக்குப் பூவும் விதையும் இல்லை, விதைக்குப் பதிலாக அந்தப் பொட்டிலிருந்து உதிர்கிற வித்தித் தூளில்தான் அதன் இனம் பரவும். பூச்சியென்றால் அங்குமிங்குமாக இருக்கும். இப்படி ஒழுங்காக வரிசை கட்டாது.

எங்களுக்கு நிலம் மூட இரண்டு மாரி எடுத்தது. ஒவ்வொரு புரட்டாதியிலும் காய்ந்த பழைய இலைகளை அடியோடு வெட்டி அங்கேயே போடுங்கள். நடைபாதைப் பக்கம் ஓடிவருகிற கொடியை மண்வெட்டியால் வெட்டி எடுத்து, வெறுமையாகக் கிடக்கிற மூலையில் நடுங்கள்.