பாறையில் உள்ள தொல் காலடித்தடங்களைப் பதிவுசெய்யும் முறை

அளவு நாடாவை எடுப்பதற்கு முன்பே ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: விலங்கின் கால் பட்டது இந்தப் பரப்பிலா, இதற்கு மேலே இருந்த படலத்திலா? ஈரச் சேற்றில் மிதித்தால் அடியில் உள்ள படலங்களும் அமுங்கும். மேற்படலம் அரித்துப்போனபின் எஞ்சுவது அடித்தடம்தான். அதில் விரல்கள் மழுங்கியிருக்கும், எண்ணிக்கைகூடக் குறைவாகத் தெரியலாம். இதை வைத்து எந்த விலங்கு என்று சொல்லப் போனால் தவறிவிடும். கூரிய நகக்கீறலோ தோலின் பதிவோ இருந்தால் அது மெய்த்தடம். மேல்பாறையின் அடிப்பக்கத்தில் புடைப்பாக இருப்பது தடத்தை நிரப்பிய வண்டல். அதில் இடம் வலம் மாறித் தெரியும் என்பதால், பார்ப்பது பள்ளமா புடைப்பா என்று குறிப்பேட்டில் முதலிலேயே எழுதிவிடுங்கள்.

பிறகு மென்தூரிகையால் மணலைத் தட்டிவிட்டுப் படம் எடுங்கள். தடத்தைப் படித்தறிய, காலை அல்லது மாலைச் சாய்வெயில் வேண்டும். ஒளி ஒரே பக்கமிருந்து வந்தால் அதற்கு இணையாக ஓடும் விரல்பள்ளம் மறைந்துவிடும். ஆகவே நான்கு பக்கமும் விளக்கை மாற்றிவைத்து எடுங்கள். ஒளி வந்த திசையை அம்புக்குறியால் காட்டாவிட்டால் பள்ளம் மேடாகத் தோன்றும். பல படங்களைக் கணினியில் இணைத்து ஆக்கும் முப்பரிமாண மாதிரிக்கு எடுக்கும் படங்களுக்கு இது நேர்மாறு: மேகமூட்டம் நல்லது, நிழல் ஆகாது. ஒவ்வொரு படமும் அடுத்ததோடு 60 முதல் 80 சதவீதம் பொருந்த வேண்டும், ஜூமைத் தொடக்கூடாது, அளவுகோல் படத்தின் சட்டகத்துக்குள் இருக்க வேண்டும்.

நடைநீளத்தை ஒரே காலின் அடுத்தடுத்த இரு தடங்களுக்கு இடையே, ஒரே புள்ளியிலிருந்து எடுங்கள். இடது, வலது, இடது என மூன்று பின்கால் தடங்களை இணைத்தால் கிடைக்கும் கோணம் மிக முக்கியம். 180 பாகைக்கு நெருங்கினால் கால்கள் உடலுக்குக் கீழே நின்றன. வெகுவாகக் குறைந்தால் பல்லியைப் போல் பக்கவாட்டில் விரிந்த நடை. தனித்தடத்தில் இதை அறிய வழியில்லை.

அருகில் எரிமலைச் சாம்பல் அடுக்கு இருக்கிறதா என்று கட்டாயம் தேடுங்கள். மணற்கல்லில் உள்ள துகள்கள் வேறு பழைய பாறைகளிலிருந்து வந்தவை, அவற்றின் வயது படிவின் வயது ஆகாது. சாம்பலில் உள்ள சிர்க்கான் என்னும் கனிமத்தின் படிகங்களோ வெடிப்பின் காலத்தையே சொல்லக்கூடியவை. அயர்லாந்தின் வலென்சியா தீவில் உள்ள தடவரிசைக்கு ஏறத்தாழ 38.5 கோடி ஆண்டு என வயது கிடைத்தது அப்படித்தான். சாம்பல் மாதிரி எடுக்க அனுமதி தேவை.

தடத்தை வார்ப்பாக அச்செடுப்பதில் அவசரம் வேண்டாம். பாரிஸ் சாந்தை நேராக ஊற்றினால் நுண்துளைகளில் இறங்கி, பெயர்க்கும்போது பரப்பையும் உரித்துவிடும். கெட்டியான பாறைக்கு சிலிகான் ரப்பர். பொடியும் சாம்பற்கல்லுக்கு முப்பரிமாண மாதிரியே போதும்.

வேலை முடிந்ததும் மூடிவைப்பதில் கவனம் தேவை. தான்சானியாவின் லேடோலியில் 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பலில் பதிந்த காலடித்தடங்களை 1979-இல் மண்ணிட்டு மூடினார்கள். அந்த மண்ணில் கிடந்த விதைகளிலிருந்து வேலமரங்கள் முளைத்து, வேர்கள் தடப்பரப்பிலேயே இறங்கின. 1990-களில் மறுபடி தோண்டி வேர்களை அகற்ற வேண்டியதாயிற்று. எனவே மணலைச் சலித்து, விதை நீக்கி, முதலில் மெல்லிய அடுக்காகப் பரப்புங்கள். அதன்மேல் நீர் புகும் ஜியோடெக்ஸ்டைல் துணி, பிறகு மீதி மணல், மேலே கல். முளைக்கும் செடியைச் சிறிதாக இருக்கும்போதே பிடுங்க ஆண்டுதோறும் ஆள் போக வேண்டும்.