பாட்டிலில் கேஸ் எவ்வளவு? சோடா, கலர் பானங்களில் அளந்து பார்க்கும் முறை

கடலூரிலும் புதுச்சேரியிலும் சித்திரை, வைகாசி வெயிலில் கடைக்காரர்களிடமிருந்து அடிக்கடி வரும் புகார், "கேஸ் இறங்கிப்போச்சு" என்பது. குடித்துப் பார்த்து இதைத் தீர்மானிக்கக் கூடாது. ஒரே பானம் சில்லென்று இருந்தால் ஒரு மாதிரி, வெதுவெதுப்பாக இருந்தால் வேறு மாதிரி நாக்கில் படும். அளந்துதான் பார்க்க வேண்டும்.

கேஸை 'வால்யூம்' கணக்கில் சொல்வது தொழில் வழக்கம். 1 லிட்டர் பானத்தில் 3 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு (0 டிகிரி செல்சியஸ், சாதாரணக் காற்றழுத்தத்தில் கணக்கிட்டது) கரைந்திருந்தால் அது 3 வால்யூம். ஒரு வால்யூம் என்றால் லிட்டருக்குச் சுமார் 1.96 கிராம். கோலா வகைகள் 3.5 முதல் 4 வரை இருக்கும். பழச்சுவை பானங்களில் குறைவாகவே வைப்பார்கள்.

தேவையானவை: மூடியைத் துளைக்கும் ஊசி, அதைச் சுற்றிக் கசிவை அடைக்கும் ரப்பர், கேஸை வெளியேற்ற ஒரு சிறு வால்வு, 0–100 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) பிரஷர் கேஜ். இவை நான்கும் ஒரே சட்டத்தில் பொருத்தப்பட்டு வரும். கூடவே அரை டிகிரி வரை நம்பக்கூடிய தெர்மாமீட்டர் ஒன்று. கேஜ் கிலோவில் (சதுர சென்டிமீட்டருக்கு) காட்டினால், பிஎஸ்ஐ ஆக்க 14.2 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

முதலில் பாட்டிலை 25 டிகிரித் தண்ணீர் வாளியில் அரைமணி நேரமாவது வையுங்கள். மாடித் தொட்டியிலிருந்து வரும் மதிய நேரத் தண்ணீர் இங்கே கொதிக்கக் கொதிக்க இருக்கும். ஐஸ் போட்டுக் கலக்கி, 25க்கு வந்ததைத் தெர்மாமீட்டரில் உறுதி செய்துவிட்டுப் பாட்டிலை இறக்குங்கள். இந்த வேலையைத்தான் பலர் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள், கணக்கு முழுவதும் கெடுவதும் இங்கேதான்.

பிறகு பாட்டிலை நிமிர்த்திவைத்து, சட்டத்தில் இறுக்கி, மூடியின் நடுவில் ஊசியை இறக்குங்கள். கண்ணாடி பாட்டில் என்றால் முகக்கவசமும் தடித்த கையுறையும் இல்லாமல் தொடவே வேண்டாம். 4 வால்யூம் உள்ள பாட்டிலில் 25 டிகிரியில் 63 பிஎஸ்ஐ அழுத்தம் இருக்கும், 40 டிகிரி வெயிலில் கிடந்தால் 96 வரை போகும்.

அடுத்து வால்வைத் திறந்து, முள் பூஜ்யத்தைத் தொட்ட கணமே மூடுங்கள். பானத்துக்கு மேலே உள்ள காலி இடத்தில் காற்றும் கலந்திருக்கும், அதை வெளியேற்றாவிட்டால் அழுத்தம் பொய்யாகக் கூடுதலாகக் காட்டும். திறந்தபடியே விட்டால் கரைந்த கேஸும் போய், அளவு குறைந்துவிடும். மூடியதும் முள் மேலே ஏறி நிற்கும்வரை பலமாகக் குலுக்குங்கள். நின்றதும் இன்னொரு பத்துக் குலுக்கு. அப்போதும் ஏறவில்லை என்றால் அந்த எண்ணைக் குறியுங்கள். கழுத்தைப் பிடித்துக் குலுக்குவது நல்லது, உடலைப் பிடித்தால் கைச்சூடு ஏறும். குறித்த கையோடு அழுத்தத்தை விட்டு, மூடியைத் திறந்து, தெர்மாமீட்டரைப் பானத்துக்குள்ளேயே விட்டு வெப்பநிலையை எடுங்கள். அறையின் வெப்பநிலை உதவாது.

கணக்கு: அழுத்தத்தோடு 14.7 (கடல் மட்டக் காற்றழுத்தம், பிஎஸ்ஐயில்) கூட்டி, 14.7 ஆல் வகுத்து, வெப்பநிலைக்கான எண்ணால் பெருக்க வேண்டும். அந்த எண் 20 டிகிரிக்கு 0.878, 25க்கு 0.759, 30க்கு 0.665. இவை தண்ணீருக்கானவை. சர்க்கரைப் பானத்தில் கேஸ் சற்றுக் குறைவாகவே கரையும் என்றாலும், ஒரே பானத்தை நாளுக்கு நாள் ஒப்பிட இது போதும். உதாரணமாக, 25 டிகிரியில் 52 பிஎஸ்ஐ என்றால் 3.44 வால்யூம். அதே 52ஐ 30 டிகிரியில் படித்திருந்தால் 3.02தான். ஒரு டிகிரி தவறினால் 0.1 வால்யூம் அளவுக்குத் தவறும், ஒரு பிஎஸ்ஐ தவறினால் 0.05தான். கேஜுக்குச் செலவழிக்கும் அக்கறையைத் தெர்மாமீட்டருக்கும் காட்டுங்கள்.

நம் கடற்கரை ஊர்களில் 14.7 அப்படியே பொருந்தும். ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் அதே பாட்டில் கேஜில் 3 பிஎஸ்ஐக்கு மேல் கூடுதலாகக் காட்டும்.

அளவு திரும்பத் திரும்பக் குறைவாக வந்தால் முதலில் ரப்பரைச் சந்தேகியுங்கள். ஊசித் தலையைச் சோப்புத் தண்ணீரால் நனைத்தால் குமிழ் காட்டிக்கொடுக்கும். 200 மில்லி பாட்டிலுக்கு நீளமான குழாய் போட்டாலும் குறையும், குழாயின் உள்ளிடத்தை நிரப்பவே கேஸ் செலவாகிவிடும். வேலை முடிந்ததும் வெந்நீர் விட்டு அலசாவிட்டால் சர்க்கரை காய்ந்து வால்வு ஒட்டிக்கொள்ளும். பெட் (பிளாஸ்டிக்) பாட்டிலின் சுவர் வழியாகவே கேஸ் கசியும், சிறிய பாட்டிலில் இன்னும் வேகமாக. ஆகவே நிரப்பிய தேதியை எழுதாமல் எந்த எண்ணையும் குறிக்காதீர்கள்.

கோலி சோடாவுக்கு மூடியே இல்லை, துளைக்கவும் வழியில்லை. பாட்டிலின் எடையைத் தாங்கி, 0.01 கிராம் வரை காட்டும் தராசு வேண்டும். அறை வெப்பத்தில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, நன்றாகத் துடைத்து எடை போடுங்கள். சில்லென்ற பாட்டிலைப் போட்டால் கடற்காற்றின் ஈரம் வெளியே வியர்த்து எடையைக் கூட்டிவிடும். எடை போட்ட பிறகு குளிர வைத்து, ஒரு துளிகூடச் சிந்தாமல் கோலியை மெல்ல அழுத்துங்கள். அவ்வப்போது மெதுவாகச் சுழற்றி, குமிழ் அடங்கும்வரை மணிக்கணக்கில் விட்டு, அறை வெப்பத்துக்கு வந்ததும் துடைத்து மறுபடி எடை போடுங்கள். பக்கத்தில் அதே மாதிரி பாட்டிலில் வெறும் தண்ணீர் வைத்து, அது இழந்த எடையை ஆவியானதாகக் கழித்துக்கொள்ள வேண்டும். 200 மில்லியில் மீதி இழப்பு 1.3 கிராம் என்றால் லிட்டருக்கு 6.5 கிராம், 1.96 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 3.3 வால்யூம்.