திரையில் சரி, தகட்டில் தவறு: ஆட்டோகேட் கற்பவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

என் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க ஓர் இரும்பு வட்டு வைத்திருக்கிறேன். வெளிவிட்டம் 150 மி.மீ., நடுத்துளை 60, சுற்றிலும் 12 மி.மீ. துளைகள் ஆறு. பம்பு ஒன்றுக்காக நான் முதன்முதலில் வரைந்து கொடுத்த பிளேஞ்ச் (குழாயோடு போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தகடு) அது. துளைகளின் மையங்கள் அமரும் வட்டத்தை, பட்டறையில் பி.சி.டி. என்பார்கள், கணினியில் பொறியியல் வரைபடம் வரையும் மென்பொருளான ஆட்டோகேடில் 110 என்று வரைந்திருந்தேன். மாலையில் அது 120 என்று மாறியது. ஆறு துளைகளையும் அழித்துத் திரும்ப வரையச் சோம்பல். வரைவில் அளவைக் காட்டும் டைமென்ஷனை இருமுறை கிளிக் செய்து, 110 என்ற எண்ணை அழித்து 120 என்று தட்டினேன். பிரிண்ட் பார்க்க நன்றாகவே இருந்தது. கோப்பு லேசர் கட்டிங்குக்குப் போனது. வந்த தகட்டில் ஒரு போல்ட்கூட இறங்கவில்லை.

“தம்பி, நீங்கள் எழுதியதை மிஷின் படிக்காது. வரைந்ததைத்தான் வெட்டும்” என்றார் பட்டறைக்காரர். தகட்டுக்கான காசையும் வாங்கிக்கொண்டார்.

ஆட்டோகேட் கற்கும் மாணவர் செய்யும் தவறுகளில் இதைவிடக் கெட்டது வேறு இல்லை என்பேன். மற்ற தவறுகள் எங்கோ ஓரிடத்தில் கண்ணில் படும், இது படாது. டைமென்ஷன் என்பது இரு புள்ளிகளுக்கு இடையே மென்பொருள் தானே அளந்து சொல்லும் எண். அதன்மேல் கையால் எழுதிவிட்டால், பிறகு கோட்டை எவ்வளவு இழுத்தாலும் அந்த எண் அசையாது. சந்தேகம் வந்தால் டைமென்ஷனைத் தேர்ந்து பிராபர்டீஸ் பலகையில் ‘டெக்ஸ்ட் ஓவர்ரைடு’ என்ற கட்டத்தைப் பாருங்கள். காலியாக இருக்க வேண்டும். ஏதாவது எண் இருந்தால் அழித்துவிடுங்கள். உண்மை அளவு திரும்பிவிடும். எண் பிடிக்கவில்லை என்றால் திருத்த வேண்டியது வரைவை.

அடுத்தது அலகு. ஆட்டோகேடில் ஒரு கோட்டின் நீளம் வெறும் 150தான். அது மில்லிமீட்டரா அங்குலமா என்பது அமைப்பைப் பொறுத்தது. புதுக் கோப்பு திறக்கும்போது வரும் வார்ப்புருக்களில் ‘அகேட்’ என்பது அங்குலத்துக்கு, ‘அகேட்ஐஎஸ்ஓ’ என்பது மில்லிமீட்டருக்கு. மாணவர்கள் பட்டியலில் முதலில் தெரிவதைத் தட்டிவிடுகிறார்கள். அம்புக்குறியும் எழுத்தும் எறும்பளவில் தெரிந்தால் அங்குல வார்ப்புருவில் அமர்ந்திருக்கிறீர்கள் என்று பெரும்பாலும் அர்த்தம். அந்தக் கோப்பை வேறு மென்பொருள் அங்குலமாக எடுத்துக்கொண்டால் 150 மி.மீ. பிளேஞ்ச் 3810 மி.மீ. ஆகிவிடும். இவ்வளவு பெரிய தவறை யாராவது பார்த்துவிடுவார்கள். அதற்கு அஞ்சி யாரோ நடுவில் ‘ஏறத்தாழ’ சுருக்கிச் சரிசெய்யும்போதுதான் வினை.

டிராயிங் போர்டில் பழகியவர்களுக்கு இன்னொரு பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும்: அளவை வகுத்து வரைவது. ஏ1 தாளின் அளவு 594க்கு 841 மி.மீ.; பத்து மீட்டர் சுவர் அதில் அடங்காது என்பதால் அங்கே 1:50 என்று சுருக்கினோம். திரையில் அந்த நெருக்கடி கிடையாது. பத்து மீட்டர் சுவரை 10000 என்றே வரையுங்கள். சுருக்கும் வேலை லேஅவுட்டில் (அச்சுத் தாளை அமைக்கும் பக்கம்), வியூபோர்ட்டின் (அந்தப் பக்கத்தில் வரைவைக் காட்டும் சன்னல்) அளவுகோலில் நடக்க வேண்டும். எழுத்தின் உயரம் மட்டும் தலைகீழ்க் கணக்கு: தாளில் 2.5 மி.மீ. தெரிய வேண்டுமானால், 1:50க்கு மாடலில் (முழு அளவில் வரையும் இடத்தில்) 125 வைக்க வேண்டும். இதை மறந்துவிட்டு, “எழுத்தே அச்சாகவில்லை” என்று பிளாட்டரைத் திட்டியவர்கள் உண்டு. எழுத்து அச்சாகித்தான் இருந்தது, புள்ளியாக.

இனி கண்ணை நம்பும் பிரச்சினை. இரண்டு கோடுகள் தொட்டுக்கொண்டிருப்பது போலத் தெரியும். உள்ளே ஹேட்ச் (மூடிய பகுதியைக் கோடுகளால் நிரப்புவது) போடப் போனால் எல்லை மூடவில்லை என்று மென்பொருள் முரண்டு பிடிக்கும். கோடு முடியும் இடத்தில் பெரிதாக்கிப் பாருங்கள்: மூலையில் மயிரிழை இடைவெளி, 0.02 மி.மீ. இருக்கும். சுட்டியைக் கண்ணால் குறிவைத்து வைத்ததன் விளைவு. எஃப் 3 அழுத்தி ஆப்ஜெக்ட் ஸ்னாப்பை (சுட்டியைத் துல்லியமான புள்ளியில் தானே ஒட்டவைக்கும் வசதி) இயக்கி, எண்ட்பாயிண்ட் (கோட்டின் முனை), சென்டர் (மையம்), இன்டர்செக்‌ஷன் (வெட்டும் புள்ளி) ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. இருக்கும் ஸ்னாப் எல்லாவற்றையும் இயக்கி வைப்பதும் தவறுதான். ‘நியரஸ்ட்’ இயங்கினால் கோட்டின் மீது எங்கே வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளும், எண்ட்பாயிண்டைப் பிடித்ததாக நாம் நினைத்துக்கொள்வோம்.

இதன் மறுபக்கம் இரட்டைக் கோடு. காப்பி செய்யும்போது ஒன்றின் மேலேயே ஒன்று படிந்துவிடும். திரையில் ஒரே கோடு, லேசர் இயந்திரத்துக்கு இரண்டு. ஒரே வழியை இரண்டு முறை வெட்டித் தகட்டைக் கருக்கும். அனுப்புவதற்கு முன், இப்படிப் படிந்த கோடுகளை நீக்கும் ‘ஓவர்கில்’ கட்டளையை ஓட்டுவது இரண்டு நிமிட வேலை.

கோணத்தைப் பற்றி ஒரு வரி. ஆட்டோகேட் வழக்கமான அமைப்பில் கிழக்கைப் பூஜ்யமாக வைத்து இடஞ்சுழியாக எண்ணும். திசைகாட்டிக் கணக்கில் வடக்கிலிருந்து வலஞ்சுழியாகப் பழகிய சிவில் மாணவர்கள் சர்வே எல்லையை வரையும்போது நிலம் கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்பிக்கொள்ளும்.

லேயர் (வரைவைப் பிரித்து வைக்கும் அடுக்கு) விஷயத்தில் சோம்பலுக்கு விலை தாமதமாகத்தான் தெரியும். எல்லாவற்றையும் ‘0’ லேயரிலேயே வரைந்துவிட்டு, மையக்கோட்டுக்குக் கையால் சிவப்பு, மறைகோட்டுக்குக் கையால் பச்சை. நாளைக்கு மறைகோடுகளை மட்டும் மறைக்கச் சொன்னால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். லேயருக்கு நிறமும் கோட்டு வகையும் கனமும் கொடுங்கள், பொருள்களை ‘பைலேயர்’ நிலையில், அதாவது லேயரில் உள்ளதையே எடுத்துக்கொள்ளும்படி, விடுங்கள். இன்னொரு பொறியும் உண்டு: முதல் டைமென்ஷன் போட்டதுமே ‘டெஃப்பாயிண்ட்ஸ்’ என்ற லேயர் தானாக உருவாகும். அதில் வரைந்தது திரையில் தெரியும், தாளில் வராது. தேர்வு அறையில் இதில் மாட்டியவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

மென்பொருள் கண்டுபிடிக்கவே முடியாத ஒரு தவறு இருக்கிறது: பார்வைகளை எங்கே வைப்பது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் எஸ்.பி. 46 முதல் கோண முறையைச் சொல்கிறது. அதில் மேல்பார்வை முன்பார்வைக்குக் கீழே வரும். இடப்பக்கப் பார்வை வலப்பக்கத்தில் வரும். யூடியூபில் கற்கும் மாணவர்கள் பெரும்பாலும் பார்ப்பது அமெரிக்கக் காணொளிகள்; அங்கே மூன்றாம் கோண முறை, எல்லாம் நேர்மாறு. பொருள் சமச்சீராக இருந்தால் தப்பித்துக்கொள்வீர்கள். ஒரு பக்கம் மட்டும் காடி இருக்கும் பாகமாக இருந்தால் பட்டறை எதிர்ப்பக்கத்தில் வெட்டிவிடும். தலைப்புக் கட்டத்தில் வெட்டிய கூம்புச் சின்னம் போடுவது அலங்காரத்துக்கு அல்ல, இதற்குத்தான்.

கல்லூரி ஆய்வகத்தில் ஐம்பது கட்டளைகளை மனப்பாடம் செய்ய வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பத்துப் பன்னிரண்டு போதும். புத்தகப் படத்தைப் பார்த்து அப்படியே வரைபவர், எந்த அளவு தேவை, எது தானே கிடைக்கும் என்று யோசிக்கவே மாட்டார். வீட்டில் கழன்று கிடக்கும் ஒரு குழாய்த் திருகையும் வெர்னியர் அளவியையும் எடுத்து அளந்து வரையுங்கள். முதல் அரைமணி நேரத்தில் எந்த அளவை எங்கிருந்து எடுப்பது என்று திணறுவீர்கள். அந்தத் திணறல்தான் பாடம்.

கோப்பு விவகாரம் கடைசியாக. நீங்கள் வைத்திருப்பது புதிய பதிப்பு, பட்டறையில் பழையது. சேமிக்கும்போதே 2000 அல்லது 2004 வடிவத்தில் ஒரு டி.எக்ஸ்.எஃப். (வேறு மென்பொருள்களும் படிக்கும் வரைவுக் கோப்பு) எடுத்து அனுப்புவது நல்லது. பதிப்பு வேறுபாடு சின்ன விஷயம் அல்ல: ஏர்பஸ் ஏ380 விமானத்தை வடிவமைத்தபோது ஜெர்மனியின் ஹாம்பர்க்கும் பிரான்சின் துலூஸும் கேட்டியா என்ற வடிவமைப்பு மென்பொருளின் வெவ்வேறு பதிப்புகளில் வேலை செய்தன, மின்கம்பிக் கற்றைகள் பொருந்தாமல் போய் 2006இல் தாமதம் அறிவிக்க வேண்டியதாயிற்று.

மின்சாரம் போனால் கலங்க வேண்டாம். அதே கோப்புறையில் பி.ஏ.கே. என்று முடியும் கோப்பு இருக்கும். நீங்கள் இதற்கு முன் சேமித்த நிலை அது. பெயரின் முடிவை ஆட்டோகேடின் வழக்கமான டி.டபிள்யூ.ஜி. என்று மாற்றினால் திறக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மென்பொருள் தானே சேமிக்கும் கோப்பும் தற்காலிகக் கோப்புறையில் கிடைக்கும். ஆனால் நீங்கள் நிரலை ஒழுங்காக மூடிவிட்டால் அது அழிந்துவிடும்; அசம்பாவிதமாக நின்றால்தான் மிஞ்சும்.